சந்திரதால் ஏரிக்கு எந்த நாளில் கிளம்பலாம்?

தில்லி மயூர் விஹாரில் வசிக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: அக்டோபர் 2 விடுமுறையை ஒட்டி நான்கு நாட்கள் கிடைக்கின்றன, அறுபது வயதைத் தாண்டிய பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, சொந்தக் காரில் மணாலி வழியாகச் சந்திரதால் ஏரிக்குப் போய், ஓர் இரவு கூடாரத்தில் தங்கித் திரும்ப வேண்டும், கைப்பேசிச் செயலி அந்த நாட்களுக்கு ‘வெயில், 12 டிகிரி’ என்று காட்டுகிறது, நம்பிக் கிளம்பலாமா?

இது வானிலையைப் பற்றிய ஒரே கேள்வியைப் போலத் தோன்றினாலும், உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மூன்று வாரங்களுக்கு முன்பே ஓர் உயர்மலை ஏரியின் வானிலையைச் சொல்லிவிட முடியுமா என்பது ஒன்று. புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் மாற்ற இயலாத ஒரு குடும்பம் அவ்வளவு உயரத்துக்குப் போகலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு, முடியாது என்பதே நேரான பதில். இரண்டாவதற்குத்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. தில்லியில் வானிலை முன்னறிவிப்புப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். ஐந்து முறை அந்த ஏரிக்குக் கிளம்பி, இரண்டு முறை பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். மருத்துவன் அல்லன், ஆகவே உடல்நலம் குறித்து நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சந்திரதால் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத்தில், ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். எங்கள் முதல் பயணத்தில் நண்பர் ஒருவர் திறந்த பாத்திரத்தில் சோறு வடிக்க முயன்றார். முக்கால் மணி நேரம் கொதித்த பிறகும் அரிசியின் நடுவில் வெள்ளைப் புள்ளி அப்படியே நின்றது. குக்கர் இல்லாமல் அங்கே சோறு வேகாது. அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், காற்றழுத்தக் குறைவு என்று அதுவரை ஏட்டில் படித்தது எனக்கு உள்ளபடி விளங்கியது.

இனி அந்தச் செயலி காட்டும் 12 டிகிரிக்கு வருவோம். உலகின் மிகச் சிறந்த கணினி முன்னறிவிப்பு மாதிரிகளுள் ஒன்றான ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரி, பூமியைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. 2025 மே மாதம் நம் நாடு அறிமுகப்படுத்திய பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 6 கிலோமீட்டர் கட்டங்களைக் கையாள்கிறது. சமவெளிக்கு இது போதும். ஆனால் லாஹௌலில் 6 கிலோமீட்டர் என்றால், அதற்குள் ஓர் ஆற்றுப் படுகை, ஒரு பனிப்பாறை, ஒரு கணவாய் மூன்றும் அடங்கிவிடும். அவற்றுக்கெல்லாம் பொதுவாகக் கணக்கிட்ட ஒரு சராசரியையே செயலி ‘சந்திரதால்’ என்ற பெயருக்கு எதிரே காட்டுகிறது. அதிலும், பத்து நாட்களுக்கு அப்பால் உள்ள தேதிக்கு அது காட்டும் சூரியன் படம், பெரும்பாலும் அந்தப் பருவத்தின் வழக்கமான நிலையைச் சொல்வதுதான். குறிப்பிட்ட அந்த நாளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இதைவிட நம்பத் தகுந்த ஒரு கணக்கை நீங்களே போடலாம். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். மணாலி 2,050 மீட்டரில் இருக்கிறது. ஏரி அதற்கு மேல் 2,200 மீட்டர். அக்டோபர் தொடக்கத்தில் மணாலியில் இரவு 10 டிகிரி என்றால், ஏரிக்கரையில் உறைநிலைக்கு நான்கு டிகிரி கீழே இருக்கும் என்று கொள்ளுங்கள். வானம் தெளிந்த, காற்றில்லாத இரவானால் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி, அதையும் விடக் கீழே போகும்.

அடுத்து, எந்த வானிலையைப் பார்க்க வேண்டும் என்பது. ஏரியின் வானிலையை மட்டும் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பீர் பஞ்சால் மலைத்தொடர் பருவமழையைத் தடுத்து நிறுத்துவதால், லாஹௌலும் ஸ்பிதியும் மழைமறைவுப் பகுதிகள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் கூட அங்கே பல நாட்கள் வானம் நீலமாகவே இருக்கும். ஆனால் தில்லியிலிருந்து அந்த நீல வானத்துக்குப் போகும் சாலை பிலாஸ்பூர், மண்டி, குல்லு வழியாகப் போகிறது. மலை தடுத்து நிறுத்தும் மழை முழுவதும் கொட்டுவது அங்கேதான். ஏரியில் வெயில் அடிக்க, மண்டிக்கும் குல்லுவுக்கும் இடையே மலைச்சரிவு சாலையை மூடியிருக்க, இரண்டு நாள் வண்டிக்குள்ளேயே இருந்தவர்களை நான் அறிவேன். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று: மண்டி–குல்லுப் பள்ளத்தாக்கின் மழை, லாஹௌலுக்குள் ஏரியை நோக்கிப் போகும் கிராம்பூ–பாத்தல் கரடுமுரடான பாதை, பிறகுதான் ஏரி. வானிலைத் துறையின் சிம்லா மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் விடுக்கிறது. லாஹௌல்–ஸ்பிதிக்கு எந்த எச்சரிக்கையும் இல்லாவிட்டாலும், மண்டிக்கோ குல்லுவுக்கோ ஆரஞ்சு என்றால் கிளம்ப வேண்டாம்.

பருவமழை வழக்கமாக ஜூன் கடைசி வாரத்தில் இமாசலத்துக்குள் நுழைந்து, செப்டம்பர் கடைசி வாரத்தில் விலகுகிறது. ஏறத்தாழ அதே நாட்களில்தான் தில்லியிலிருந்தும் விலகும். தில்லியில் புழுக்கம் குறைந்து, காலையில் காற்று சற்றே உலர்ந்து, வானம் உயர்ந்தாற்போலத் தெரியும் அந்த ஒரு வாரம் நமக்கெல்லாம் பழக்கமானதுதான். அந்த மாற்றம் வந்த பிறகு, மலைச்சாலைகளில் மழையின் அச்சம் பெருமளவு நீங்குகிறது. ஆக, செப்டம்பர் பிற்பகுதியும் அக்டோபரின் முதல் பத்து நாட்களும் அந்த ஏரிக்கு நல்ல காலம் என்பதில் எனக்கு ஐயமில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த பருவம் சரியானதே.

ஆனால் பருவமழை விலகியதும் அதன் இடத்துக்கு வேறொன்று வரத் தொடங்குகிறது. மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பக்கமிருந்து மேல்வளிமண்டலத்தின் மேற்குக் காற்றோடு நகர்ந்து வரும் அலைகளை மேற்கத்திய இடையூறு என்கிறோம். குளிர்காலத்தில் இமயமலைக்குப் பனியைக் கொண்டுவருவது அதுதான். செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் அது எப்போதாவதுதான் வலுப்பெறும். வலுப்பெற்றால், 4,000 மீட்டருக்கு மேல் மழை பெய்யாது, பனி விழும். 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் 24 வரை லாஹௌல்–ஸ்பிதியில் பருவத்துக்கு முந்திய கடும் பனி விழுந்து, நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டு, விமானப் படை ஹெலிகாப்டர்களில் பலரை மீட்க வேண்டியதாயிற்று. நாட்காட்டியை மட்டும் பார்த்தால் அது மிக நல்ல வாரம்.

இந்த இடையூறு பருவமழையோடு கைகோத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 ஜூலையைத் தில்லிவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூலை 9 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தில்லி சப்தர்ஜங்கில் 153 மில்லிமீட்டர் பதிவானது. ஜூலை மாதத்தில் ஒரே நாளில் 1982க்குப் பிறகு பெய்த மிக அதிகமான மழை அது. 13ஆம் தேதி யமுனை 208.66 மீட்டரைத் தொட்டு, 1978இன் பழைய உச்சத்தைத் தாண்டியது. நாம் வீட்டு வாசலில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், அதே வானிலை அமைப்பின் வடமுனையில், சந்திரதால் அருகே கூடாரங்களில் 250க்கும் மேற்பட்டோர் ஜூலை மாதப் பனிப்பொழிவில் சிக்கியிருந்தார்கள். ஸ்பிதிக்குப் போகும் குன்சும் கணவாயில் பனியை வெட்டி வழி திறந்து, ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸா பக்கமாகத்தான் அவர்களை வெளியே கொண்டுவர முடிந்தது. அவர்களில் ஒருவர்கூடக் கிளம்பும்போது ‘பனியில் மாட்டிக்கொள்வோம்’ என்று எண்ணியிருக்க வாய்ப்பில்லை. ஜூலையில் அங்கே யாரும் அப்படி எண்ண மாட்டார்கள்.

சரி, எதை எப்போது அறிய முடியும்? பத்து நாட்களுக்கு முன்னால், பருவமழை விலகத் தொடங்கிவிட்டதா என்பதை மட்டும் பாருங்கள். ராஜஸ்தானின் மேற்குப் பகுதியில் தொடங்கும் விலகலை வானிலைத் துறை நாள்தோறும் வரைபடத்துடன் அறிவிக்கும். ஐந்து நாட்களுக்கு முன்னால், அத்துறையின் அன்றாட அறிக்கையில் மேற்கத்திய இடையூறு பற்றிய வரி இருக்கிறதா, அது எந்தத் தேதியில் மேற்கு இமயமலையைத் தொடும் என்று சொல்கிறது என்பதைப் படியுங்கள். இந்த அறிவிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வந்து சேரும் நேரம் அரை நாளோ ஒரு நாளோ முன்பின் ஆகலாம். மூன்று நாட்களுக்கு முன்னால் மாவட்ட எச்சரிக்கைகள் பொருளுள்ளவை ஆகின்றன. ஒரு நாளுக்கு முன்னால் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஆப்கானிஸ்தான், வட பாகிஸ்தான் மேல் மேகத் திரள் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். வெண்மையான, அடர்ந்த திரள் அங்கே இருந்தால், ஏறத்தாழ ஒரு நாளில் அது உங்கள் தலைக்கு மேல் இருக்கும். ரேடாரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மலைகள் அதன் கதிரை மறைப்பதால், பள்ளத்தாக்குகளுக்குள் நடப்பது முழுமையாகத் தெரியாது. கடைசியாக, வழியிலுள்ள லாஹௌல் ஊர்களான சிஸ்ஸுவிலோ கோக்சரிலோ அன்று காலை மேலிருந்து இறங்கி வந்த ஓர் ஓட்டுநரிடம் பாதை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இத்தனை ஆண்டு முன்னறிவிப்புப் பணியில் இருந்துவிட்டும், அந்தக் கடைசிச் செய்திக்கு நான் தரும் மதிப்பு வேறு எதற்கும் தருவதில்லை.

பாதையைப் பற்றி ஒன்று. அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு, ரோத்தங் கணவாய் ஏறாமலே லாஹௌலுக்குள் போய்விடலாம். அதனால் ஏரியும் பக்கத்தில் வந்துவிட்டதாக ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. சுரங்கத்துக்கு அப்பால் கிராம்பூவிலிருந்து பாத்தல் வரையிலான பாதை பல இடங்களில் வெறும் கல்லும் தண்ணீரும்தான். பனிப்பாறைகளிலிருந்து இறங்கும் ஓடைகளை, அங்கே நாலா என்பார்கள், நேராகச் சாலையின் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். ஒரு ஜூலையில் சோட்டா தராவுக்கு அருகே அப்படியொரு நாலாவை எங்கள் ஓட்டுநர் காலை எட்டு மணிக்குச் சிரமமில்லாமல் கடந்தார்; தண்ணீர் சக்கரத்தின் பாதிகூட இல்லை. ஓடையின் நடுவே மாட்டுத்தலை போன்ற ஒரு கரும்பாறை முழுவதும் வெளியே தெரிந்தது. ஏரியைப் பார்த்துவிட்டு மூன்றரை மணிக்கு அதே இடத்துக்கு வந்தபோது அந்தப் பாறையைக் காணவில்லை. தண்ணீர் அதன் மேல் வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் ஓசை கரையில் நின்ற எங்களுக்குக் கேட்டது. அன்று ஒரு சொட்டு மழையும் பெய்யவில்லை. வெயிலில் பனி உருகி, அந்த நீர் கீழே வந்து சேர மதியம் ஆகிறது; அவ்வளவுதான். அன்றிரவு வண்டியிலேயே இருந்து, மறுநாள் விடியலில் பாறை மறுபடி தலைகாட்டிய பிறகே கடந்தோம். வானிலை மிக நன்றாக இருந்த ஒரு நாளில்தான் நாங்கள் சிக்கினோம் என்பதைக் கவனியுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வழிகாட்டிக் குறிப்புகளில் இதைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. உடலுக்கு நல்லது எதுவென்றால், ஏரியைப் பார்த்துவிட்டு அன்றே இறங்கித் தாழ்வான ஊரில் தூங்குவது; ஏனெனில் உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோயைத் தீர்மானிப்பது பகலில் எவ்வளவு உயரம் போனோம் என்பதைவிட இரவில் எவ்வளவு உயரத்தில் தூங்கினோம் என்பதே. பாதைக்கு நல்லது எதுவென்றால், மதியத்துக்குப் பிறகு நாலாவைக் கடக்காமல் மேலேயே தங்கி, மறுநாள் காலையில் இறங்குவது. ஜூலை, ஆகஸ்டில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றதில் இடர் உண்டு. செப்டம்பர் பிற்பாதியில் இரவுகள் உறைந்து, பகலின் உருகலும் குறைந்துவிடுவதால் நாலாக்கள் மெலிந்துவிடும். மாலையிலும் இறங்க முடிகிற நாட்களே மிகுதி. அக்டோபர்த் தொடக்கத்தை நான் விரும்புவதற்குத் தெளிந்த வானத்தைவிட இதுவே பெரிய காரணம்.

உங்கள் திட்டத்தில் என்னை மெய்யாகவே கவலைப்பட வைப்பது வானிலையைவிடப் பெற்றோரின் மூச்சுதான். தில்லி 215 மீட்டர். முதல் இரவு மணாலியில் 2,050. இரண்டாம் இரவே ஏரிக்கு அருகே கூடாரத்தில், ஏறத்தாழ 4,250. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பதும் உயர்மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. நீங்கள் ஒரே நாளில் 2,200 மீட்டர் ஏறுகிறீர்கள். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை என்று தொடங்குவது, சிலருக்கு நுரையீரலில் நீர் கோப்பதாகவும் மூளை வீக்கமாகவும் முற்றலாம். அதற்கு முதல் மருந்து உடனே கீழே இறங்குவதுதான். நள்ளிரவில், உறைபனியில், அந்தப் பாதையில் இறங்குவது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். இளைஞர்களையும் உடற்பயிற்சி செய்பவர்களையும் கூட இது விடுவதில்லை. வயதைவிட ஏறும் வேகமே காரணம். அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உடல் பழகுவதை விரைவாக்கும். ஆனால் இரத்த அழுத்தத்துக்கு வேறு மருந்துகள் எடுப்பவர்களும், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

ஆகவே சந்திரதால் பார்க்கப் பெற்றோருடன் போக வேண்டுமென்றால், நான்கு நாட்களை ஒன்பதாக்குங்கள் என்பதே என் கருத்து. சிம்லா வழியாகப் போய் முதல் இரவு நார்கண்டாவில் 2,700 மீட்டர். அடுத்து கல்பாவில் 2,960. பிறகு தாபோவில் 3,280. பிறகு காஸாவில் 3,650 மீட்டரில் இரண்டு இரவுகள். ஆறாம் நாள் லோசர், குன்சும் வழியாக ஏரி. ஏழாம் நாள் மணாலிக்கு இறக்கம். எட்டாம் நாள் எதற்கும் ஒதுக்காமல் கையிருப்பாக வைத்திருக்க வேண்டிய நாள். ஒன்பதாம் நாள் தில்லி. உடல் படிப்படியாக ஏறுகிறது. சாலையின் பெரும்பகுதி மழைமறைவில் போகிறது. வானிலை கெட்டால் காஸாவிலேயே இருந்துகொண்டு, தாபோ, கீ பௌத்த மடங்களைப் பார்த்துத் திரும்பலாம். காஸாவில் மருத்துவமனையும் இருக்கிறது. பெற்றோருக்கு ஏரி அருகே இரவு தங்கும் தேவையே இல்லை: காஸாவிலிருந்து விடியலில் கிளம்பி, ஏரியைப் பார்த்துவிட்டு, அன்றே திரும்பிவிடலாம். நீண்ட நாள்தான், ஆனால் கூடாரத்துக் குளிரைவிடத் தாங்கக்கூடியது.

நான்கு நாட்கள்தான் என்றால், மண்டிக்கு மேலே இருக்கும் பராசர் ஏரிக்குப் போங்கள் என்பேன். 2,730 மீட்டர், மண்டியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், அருகில் வரை வண்டி போகும். கரையில் மூன்றடுக்கு மரக்கோபுரத்துடன் பராசர முனிவரின் கோயில், நீரில் மிதந்து இடம்மாறும் ஒரு புல்திட்டு, எதிரே தௌலாதார் மலைத்தொடரின் பனி. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மூச்சு வாங்காமல் கரையைச் சுற்றி நடக்க முடியும். சந்திரதாலுக்கு மாற்றாக ஏதோ ஒன்று என்று இதைச் சொல்லவில்லை. நான் என் தாயாரை அழைத்துப் போன ஏரி இது.

இவ்வளவுக்குப் பிறகும், பெற்றோரை மணாலியில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் வருவதாக முடிவு செய்தால், ஓர் இரவாவது சிஸ்ஸுவில் 3,100 மீட்டரில் தூங்கிவிட்டு, காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். பாத்தலில் நிறுத்தி, குன்சும் பக்கத்து வானத்தைப் பாருங்கள். சிகரங்களின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் மேலே போகலாம். விளிம்பு மங்கி, சாம்பல் நிறத் திரை மேற்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தால், ஏரி இன்னும் 14 கிலோமீட்டர்தான் என்றாலும், அங்கேயே வண்டியைத் திருப்புங்கள். என் இரண்டு திரும்புதல்களும் அந்த இடத்தில்தான் நடந்தன. முதல் முறை நாங்கள் கோக்சரை அடையும் முன்பே பனி கண்ணாடியில் ஒட்டத் தொடங்கிவிட்டது. இரண்டாம் முறை ஒன்றும் ஆகவில்லை, மாலையில் வெயில்கூட அடித்தது, அடுத்த ஆண்டு மறுபடி போனோம். போய்ச் சேர்ந்தால் பதினோரு மணிக்குள் கரையில் இருக்கப் பாருங்கள். அதன் பிறகு பள்ளத்தாக்குக் காற்று எழுந்து நீரைக் கலைத்துவிடும். அதற்கு முன்னால், எதிர்க்கரை மலை முழுவதும் ஒரு சுருக்கமும் இல்லாமல் தண்ணீரில் தலைகீழாக நிற்கும்.